வணிக இரகசியமும் நீதிமன்றக் காவலும்

நிலத்தைக் கவர்ந்தவனிடமிருந்து நிலத்தை மீட்கலாம். நகையைத் திருடியவன் அகப்பட்டால், அதனை அவன் கையிலிருந்து வாங்கி உடையவனிடம் ஒப்படைக்கலாம். ஆனால் ஒரு மருந்தின் செய்முறையோ, ஒரு சாயத்தைக் காய்ச்சும் பக்குவமோ, வாடிக்கையாளரின் பெயர்ப் பட்டியலோ ஒருவனுடைய அறிவிலிருந்து மற்றொருவனுடைய அறிவுக்குப் போய்விட்டால், எந்த நீதிபதியாலும் அதனை அங்கிருந்து பிடுங்கித் தரமுடியாது. இரகசியம் என்னும் செல்வம் களவு போனபின்பும் உடையவனிடம் இருக்கவே செய்கிறது. அதன் விலைதான் போய்விடுகிறது. ஆதலால் வணிக இரகசியத்தை உடையவன் நீதிமன்றத்தை நாடும்போது, நட்டஈட்டைக் காட்டிலும் ஒரு தடையுத்தரவையே பெரிதும் விரும்புகிறான். இரகசியம் வாய் கடக்குமுன் அந்த வாயை அடைக்கவேண்டும் என்பதே அவன் வேண்டுகோள்.

வேண்டுகோள் நியாயமானதே. எனினும் நீதிமன்றம் என்பது திறந்த இடம். வழக்காளியின் முறைப்பாடும் எதிராளியின் மறுமொழியும் சாட்சிகளின் வாக்குமூலமும் யாவரும் கேட்க உரைக்கப்படவேண்டும் என்பது ஆங்கில நீதிமுறையின் அடிப்படை. தன் இரகசியம் களவு போயிற்று என்பவன் அந்த இரகசியம் இன்னதென்று சொல்லாமல் வழக்கை எவ்வாறு நிலைநாட்டுவான்? சொன்னால், காப்பாற்ற வந்த பொருளைத் தானே வீதியில் எறிந்தவனாவான். இந்த இக்கட்டிலிருந்து நீதிமன்றங்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக வழி தேடி வந்திருக்கின்றன. அந்தத் தேட்டத்தின் தொடக்கத்தில் நிற்பது ஒரு காய்ச்சல் மருந்து.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் றொபேட் ஜேம்ஸ் என்னும் வைத்தியர் ஒரு தூளை விற்றுப் பெரும் பொருள் ஈட்டினார். காய்ச்சல் தீர்க்கும் தூள் என்று அது பேர்பெற்றது. அதனை விற்கும் பொறுப்பை ஜோன் நியூபெரி என்னும் புத்தக வியாபாரி 1746 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டார். சிறுவர்க்கான நூல்களை அழகுற அச்சிட்டு விற்றமையால் இந்த நியூபெரியின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1922 ஆம் ஆண்டுமுதல் சிறந்த சிறுவர் நூலுக்கு வழங்கப்படும் பதக்கம் அவர் பெயரைத் தாங்கியது. அவரோ மருந்தையும் புத்தகத்தையும் ஒரே கடையில் விற்றவர். 1765 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு சிறுவர் கதையிலே, கதாநாயகியின் தந்தை ஜேம்ஸின் தூள் கிடைக்காத ஓரிடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோகிறார். குழந்தைகளின் கதைக்குள்ளேயே விளம்பரத்தைப் புகுத்தும் சாமர்த்தியம் இக்காலத்தவர் கண்டுபிடித்ததன்று. கவிஞர் ஒலிவர் கோல்ட்ஸ்மித் 1774 ஆம் ஆண்டில் தம் இறுதி நோயின்போது, வைத்தியரின் அறிவுரையையும் கேளாமல், இந்தத் தூளையே வேண்டி உட்கொண்டார்.

ஜேம்ஸ் தம் தூளுக்கு அரசிடமிருந்து ஆக்கவுரிமைப் பத்திரமும் பெற்றிருந்தார். ஆக்கவுரிமை என்பது ஒருவகைப் பண்டமாற்று. கண்டுபிடித்தவன் தன் செய்முறையை உண்மையாக எழுதி யாவரும் அறிய ஒப்படைக்கவேண்டும். அதற்கு ஈடாக, அக்கால இங்கிலாந்தில் 14 ஆண்டுகளுக்கு அவன் ஒருவனே அதனைச் செய்யலாம். அதன்பின் அது பொதுச்சொத்து. இரகசியத்தை விட்டுக்கொடுத்துத்தான் உரிமையைப் பெறமுடியும். ஜேம்ஸோ இரண்டையும் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பினார். அவர் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த முறைப்படி எவர் செய்தாலும் அந்தத் தூள் வரவில்லை என்பதே மருந்தறிந்தோர் கூறிய குறை. 1791 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பியர்சன் என்னும் வைத்தியர் அதனைப் பகுத்துப் பார்த்து, அஞ்சனக்கல் எனப்படும் அந்திமனியும் எலும்பிலுள்ள சுண்ணச் சத்துமே அதன் உறுப்புக்கள் என்று வெளியிட்டார்.

இந்தத் தூளைப் பற்றி நியூபெரி குடும்பத்தாருக்கும் ஜேம்ஸ் குடும்பத்தாருக்கும் எழுந்த பிணக்கு 1817 ஆம் ஆண்டில் சான்சரி மன்றத்துக்கு வந்தது. பொதுச் சட்டத்தின் கடுமையால் தீராத குறைகளை மனச்சாட்சியின் அடிப்படையில் தீர்க்க ஏற்பட்ட மன்றம் அது. அதன் தலைவராயிருந்தவர் எல்டன் பிரபு. ஐயம் தெளியாமல் தீர்ப்புச் சொல்லாதவர், ஐயமோ அவருக்கு எளிதில் தெளிவதில்லை என்று வழக்குரைஞர்கள் நொந்துகொண்ட நீதிபதி. இரகசியத்தைக் காப்பதாகச் செய்த உடன்படிக்கையை நிறைவேற்றித் தரும்படி கேட்டபோது அவர் தயங்கினார். பத்திரத்தில் எழுதியதே உண்மையான செய்முறை என்றால் காப்பதற்கு இரகசியம் ஏதுமில்லை. அது பொய் என்றால் ஆக்கவுரிமை செல்லாது, பொதுமக்கள் ஏமாற்றப்பட்டனர். அன்றியும் எதிராளி உத்தரவை மீறினானா இல்லையா என்று ஆராயவேண்டுமாயின் செய்முறையை மன்றத்தில் விரித்துரைக்க நேரும். விரித்துரைத்தால் உத்தரவுக்குப் பயனில்லை. எனவே தடையுத்தரவு நிலைக்கவில்லை. உரிமை உண்டென்றால் பொதுச் சட்ட மன்றத்தில் நட்டஈடு கேட்டுக்கொள்ளலாம் என்ற அளவில் எல்டன் பிரபு கையை விரித்துவிட்டார்.

ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் அதே எல்டன் பிரபு வேறொரு வழக்கில் வேறு விதமாக நடந்துகொண்டார். 1820 ஆம் ஆண்டில் யோவற் என்னும் மிருக வைத்தியர் தம் உதவியாளராயிருந்த வினியாட் என்பவர்மீது முறையிட்டார். தொழிலின் பொது அறிவைக் கற்றுக்கொடுப்பதாக ஒப்பந்தம். மருந்துகளின் சேர்மானத்தைச் சொல்லிக்கொடுப்பதாக ஒப்பந்தமில்லை. வினியாட் எசமானின் புத்தகங்களை மறைவாகப் பார்த்துச் சேர்மானங்களைப் பிரதி செய்துகொண்டு, பின்னர் விலகிப்போய் அதே மருந்துகளைத் தாமே விற்கத் தொடங்கினார். இம்முறை தடையுத்தரவு கிடைத்தது. மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை மன்றம் ஆராயவில்லை; உதவியாளன் நடந்துகொண்ட விதத்தையே ஆராய்ந்தது. நம்பிக் கதவைத் திறந்துவிட்டவனுக்குச் செய்த துரோகம் கண்முன் தெரிந்தது. 1817 ஆம் ஆண்டில் அடைபட்ட வாசல் இவ்வாறு பக்கவழியாகத் திறந்தது. பொருளைப் பார்க்காமல் நடத்தையைப் பார்ப்பது என்னும் இந்த உபாயமே பின்வந்த நீதிபதிகளுக்கெல்லாம் கைகொடுத்தது.

1849 ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணியாரின் கணவர் அல்பேட் இளவரசரே வழக்காளியாக வந்தார். இராணியாரும் அவரும் பொழுதுபோக்காகச் செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரங்களை, அச்சிடும் பொருட்டு வின்சரில் உள்ள ஓர் அச்சகத்திடம் கொடுத்திருந்தனர். அச்சகத்து ஊழியன் களவாக எடுத்த பிரதிகள் ஸ்ற்றேஞ்ச் என்னும் வெளியீட்டாளரிடம் போய்ச் சேர்ந்தன. கண்காட்சிக்கும் விபரப் பட்டியலுக்கும் மன்றம் தடை விதித்தது. இது வணிக வழக்கன்று. எனினும் நம்பிக்கைத் துரோகத்தின் வழியாக வந்த பொருளை மூன்றாம் கையில் இருப்பவனும் பயன்படுத்தலாகாது என்னும் விதியை அரச குடும்பத்தின் பெயர் நாடறியச் செய்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்ததே இத்துறையில் பெரும் வழக்கு. அதன் நடுவில் இருந்ததும் ஒரு மருந்துதான். ஜேம்ஸ் மொறிசன் என்னும் ஸ்கொத்லாந்து வணிகர் நெடுங்காலம் நோயால் வருந்தி, தமக்குத் தாமே மருந்து செய்து குணமடைந்ததாகக் கூறிக்கொண்டவர். தாவரங்களாலான தம் குளிகை எல்லா நோயையும் தீர்க்கும் என்று பறைசாற்றினார். எல்லா நோய்க்கும் காரணம் இரத்தத்தின் அசுத்தம்; அசுத்தத்தை நீக்கப் பேதியே வழி; பேதிக்குத் தம் குளிகையே வழி. 1828 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிரித்தானிய சுகாதாரக் கல்லூரி என்ற பெருமைமிக்க பெயருடன் ஒரு கட்டடத்தைத் திறந்து, அங்கிருந்து நாடெங்கும் முகவர்களை ஏவினார். குளிகையின் முக்கியமான உறுப்புக்களில் ஒன்று கரியபோளம். கடுமையாகப் பேதியாக்கும் பிற சரக்குக்களும் அதில் இருந்தன. அளவுமீறி உண்டு இறந்தோரும் உளர். 1836 ஆம் ஆண்டில், இக்குளிகையை உண்டு ஒருவர் இறந்தமைக்காக அதன் விற்பனை முகவர் ஒருவர் இலண்டனில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அதனாலும் வியாபாரம் குன்றவில்லை. சமூகத்தின் நோயெல்லாம் ஒரே சட்டத்தால் தீரும் என்று நம்புவோரை இடித்துரைக்க வந்த தோமஸ் கார்லைல், 1843 ஆம் ஆண்டில் எழுதிய நூலில் ஓர் அதிகாரத்துக்கு மொறிசனின் குளிகை என்றே தலைப்பிட்டார். அந்த அளவுக்கு அது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்.

மொறிசன் தம் செய்முறையைப் பங்காளியான தோமஸ் மோட் என்பவருக்கு மட்டுமே சொல்லியிருந்தார். எவருக்கும் வெளியிடுவதில்லை என்று மோட் முறி எழுதிக் கொடுத்திருந்தார். தம் பங்குக்குத் தம் மகனை நியமிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. செய்முறையை மகனுக்குச் சொல்லும் உரிமை இருக்கவில்லை. எனினும் மகன் அதனை அறிந்துகொண்டார். மொறிசன் 1840 ஆம் ஆண்டில் இறந்தார். பங்காளிக் கூட்டு முடிவுற்றபின், மோட்டின் மகன் அதே குளிகையைத் தாமாகவே செய்து விற்க முற்பட்டார். மொறிசனின் மக்கள் வழக்குத் தொடுத்தனர்.

எதிராளியின் வாதம் இலேசானதன்று. இக்குளிகைக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் கிடையாது. பத்திரம் பெற்றவனுக்கே 14 ஆண்டுகள்தான் உரிமை என்றிருக்க, பத்திரமே பெறாதவனுக்கு எல்லையில்லாத காலத்துக்கு உரிமை கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? துணைச் சான்சலர் சேர் ஜோர்ஜ் டேணர் 1851 ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு இந்த முடிச்சை அவிழ்த்த முறை அழகானது. உலகத்தார் அனைவருக்கும் எதிராக மொறிசன் குடும்பத்தாருக்கு எந்த உரிமையும் இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எவரும் அக்குளிகையை வாங்கிப் பகுத்துப் பார்த்துத் தாமாகச் செய்யலாம், தடையில்லை. ஆனால் மன்றின் முன் நிற்பவர் உலகத்தார் அல்லர். இந்த எதிராளி ஒருவரே. தந்தை முறியை மீறிச் சொன்னார். மகன் அந்த மீறுதலினால் அறிந்தார். விலை கொடுத்து நேர்மையாக வாங்கினார் என்று சொல்லவும் இடமில்லை. சொத்துரிமை என்பர் சிலர், ஒப்பந்தம் என்பர் சிலர், நம்பிக்கைப் பொறுப்பு என்பர் சிலர். பெயர் எதுவாயினும் மன்றம் அந்த மனிதருடைய மனச்சாட்சியின்மேல் கடமையைக் கட்டிவிடுகிறது என்பது டேணரின் கருத்து. 1852 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது.

இந்த வழக்கிலே நெருடும் இடம் ஒன்றுண்டு. காக்கப்பட்ட இரகசியம் நோய் தீர்க்கும் மருந்தன்று. மனிதர் சிலரின் உயிருக்கு உலைவைத்த பேதிக் குளிகை. அதன் சேர்மானம் வெளிப்பட்டிருந்தால் மக்களுக்கு நன்மையே விளைந்திருக்கும். மன்றமோ பங்காளிகளுக்குள் துரோகம் நிகழ்ந்ததா என்று மட்டும் பார்த்தது. நம்பிக்கையின் தூய்மையைக் காக்கும் சட்டம் நம்பப்பட்ட பொருளின் தூய்மையைக் கேளாதுவிட்டால், மோசக்காரனுக்கும் அதே மதில் துணையாகிவிடும். இந்தக் குறையை நீதிபதிகள் விரைவிலேயே உணர்ந்தனர். 1857 ஆம் ஆண்டில் கம்பளி தரகர்களான கார்ட்சைட் என்போர், முன்னாள் எழுதுவினைஞரான ஊற்றம் என்பவர் தம் கணக்குகளை வெளியிடாமல் தடுக்கவேண்டும் என்று வந்தனர். வாடிக்கையாளரை இவர்கள் ஏமாற்றி வந்தனர் என்று அவ்வெழுதுவினைஞர் மறுமொழி கூறினார். அக்கிரமத்தை மறைப்பதற்கென்று ஓர் இரகசியக் கடப்பாடு இருக்கமுடியாது என்னும் விதி இவ்வழக்கிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் உள்ளிருந்து உண்மையை வெளியிட்ட ஊழியர்களுக்கு இந்த விதி கேடயமாயிற்று.

அட்லாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் இதே கேள்வியை எழுப்பியது கோணிச் சாக்கு. ஆங்கிலத்தில் கோணித் துணியைக் கனி என்பர். அச்சொல்லும் நம் கோணியும் ஒரே இந்திய வேரிலிருந்து கிளைத்தவை. மசாச்சுசெற்ஸ் மாநிலத்துச் சேலம் நகரைச் சேர்ந்த பிரான்சிஸ் பீபொடி என்னும் செல்வந்தர், கழிவாக எண்ணப்பட்ட சணலின் அடித்துண்டுகளிலிருந்து கோணித் துணி நெய்யும் முறையை அரும்பாடுபட்டு வகுத்து, அதற்கென யந்திரங்களையும் ஆலையையும் அமைத்தார். யந்திர வேலைக்கு அமர்ந்த நோர்போக் என்பவர், செய்முறையை எவருக்கும் சொல்வதில்லை என எழுத்தில் ஒப்பந்தம் செய்தவர். பின்னர் அவர் விலகிச் சென்று, அதே முறையில் இயங்கும் மற்றோர் ஆலையை அமைக்க உதவினார். 1868 ஆம் ஆண்டில் இவ்வழக்கைத் தீர்த்த நீதியரசர் ஹொறேஸ் கிறே, மறைத்து வைத்திருக்கும் செய்முறையும் ஒருவகைச் சொத்தே என்று துணிந்து கூறினார். வேலையாட்களின் உதவியின்றி ஆலை நடவாது. அவர்களுக்குச் சொன்னதனால் இரகசியம் இரகசியமாயிருக்கும் தன்மையை இழந்துவிடுவதில்லை. பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்குத் தொழில் பெயர்ந்த காலத்தில், நூற்றுக்கணக்கான கைகள் இயங்கும் இடத்திலும் இரகசியம் என ஒன்று இருக்கலாம் என்னும் இந்தத் தீர்ப்பு முதலாளிகளுக்குப் பெரும் பலமாயிற்று.

தொழிலாளிக்கு அது எவ்வளவு பாரமாயிற்று என்பதும் எண்ணற்பாலது. வாடிக்கையாளரின் பெயர்ப் பட்டியலைப் பிரதி செய்துகொண்டு போன முகாமையாளரை 1895 ஆம் ஆண்டில் ஆங்கில மன்றம் தடுத்தது, அது தகும். ஆனால் பத்து ஆண்டுகள் ஒரு தொழிலில் உழைத்தவன் கையிலும் கண்ணிலும் ஏறிவிட்ட பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகமுடியுமா? முடியாது என்பதைப் பிரபுக்கள் சபை 1916 ஆம் ஆண்டில், பாரந்தூக்கும் பொறிகள் செய்யும் ஒரு கம்பனியின் வழக்கிலே தெளிவாக்கியது. எசமானுடைய வியாபார இரகசியம் எசமானுக்கு. உழைத்துப் பெற்ற திறமை உழைத்தவனுக்கு. இரண்டுக்கும் நடுவே கோடு கீறுவதுதான் அன்றுதொட்டு நீதிபதிகளுக்குத் தலைவலி.

இனி, எல்டன் பிரபுவைத் தயங்கவைத்த பழைய கேள்விக்கு வருவோம். வழக்கு நடக்கும்போதே இரகசியம் சிந்திவிடாமல் தடுப்பது எவ்வாறு? ஆங்கில நீதிபதிகள் கதவை அடைப்பதையே முதல் மருந்தாகக் கொண்டனர். 1883 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் புகழ்பெற்ற சாயக் கம்பனியான படிஷே அனிலின், மன்செஸ்ரரில் இருந்த லெவின்ஸ்ரைன் என்பவர்மீது தொடுத்த வழக்கிலே, எதிராளியின் இரகசியச் செய்முறை பற்றிய சாட்சியம் அடைத்த அறையில் கேட்கப்பட்டது. அடைத்த கதவுக்கு எல்லை எது என்பதைப் பிரபுக்கள் சபை 1913 ஆம் ஆண்டில் ஒரு விவாக வழக்கில் வகுத்தது. நீதி திறந்த மன்றிலேயே வழங்கப்படவேண்டும். வெட்கமோ மனவருத்தமோ கதவடைக்கப் போதிய காரணங்கள் அல்ல. வெளிப்படுத்துவதே வழக்கின் பொருளை அழித்துவிடும் என்ற நிலை இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்குக்கு ஹோல்டேன் பிரபு எடுத்துக்காட்டாகக் கூறியது இரகசியச் செய்முறை பற்றிய வழக்கையே.

கதவை அடைத்தாலும் எதிராளி உள்ளேதானே இருக்கிறான்? அவனுடைய நிபுணர்களும் இருக்கிறார்கள். இந்த நுட்பம் 1917 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றத்தில் தெளிவுபெற்றது. செயற்கைத் தோல் செய்யும் டூ பொன்ட் கம்பனியிலிருந்து விலகிய மாஸ்லண்ட் என்பவர் தாமும் அத்தொழிலைத் தொடங்க இருந்தார். கம்பனி இரகசியம் என்று சொல்வதெல்லாம் தொழிலில் யாவரும் அறிந்தவையே என்பது அவர் வாதம். அதனை நிலைநாட்ட, அச்செய்முறைகளை நிபுணர்களிடம் காட்டி அபிப்பிராயம் பெறவேண்டும். காட்டலாகாது என்று கீழ்மன்றம் தடுத்திருந்தது. நீதியரசர் ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அத்தடையை ஏற்றார். கம்பனிக்கு உண்மையில் இரகசியம் உண்டா என்பது பின்னர் தெளியட்டும். எதிராளி கம்பனியின் நம்பிக்கைக்கு உரியவனாக இருந்தான் என்பதே தொடக்கம் என்றார். ஆயினும் நீதியின் பொருட்டு நிபுணர் ஒருவருக்குச் சொல்லவேண்டிய அவசியம் நேர்ந்தால், யாருக்குச் சொல்லலாம், எந்தக் காவலோடு சொல்லலாம் என்பதை நீதிபதியே தீர்மானிப்பார். முழுக்கத் திறப்பதற்கும் முழுக்க அடைப்பதற்கும் நடுவே, எண்ணி எடுத்த சிலருக்கு மட்டும் திறக்கும் சிறு வாசல் ஒன்று இவ்வாறு அமைந்தது. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் குடியியல் நடைமுறை விதிகள் 1938 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, இரகசியச் செய்முறைகளைக் காக்கும் கட்டளை வழங்க நீதிபதிக்குள்ள அதிகாரம் அவற்றில் எழுதப்பட்டது. காப்புக் கட்டளை என்று இதனைக் கூறலாம்.

காப்புக் கட்டளையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டிய வழக்கு, உலகமறிந்த கொக்காகோலா பானத்தைப் பற்றியது. அற்லாண்டா நகரில் ஜோன் பெம்பர்ட்டன் என்னும் மருந்தாளர் 1886 ஆம் ஆண்டில் ஆக்கிய இப்பானத்தின் சேர்மானத்துக்குக் கம்பனி ஆக்கவுரிமை பெறவில்லை. மறைத்து வைப்பதையே வழியாகக் கொண்டது. எழுதிய சேர்மானம் அற்லாண்டாவில் ஒரு வங்கியின் இரும்பறையில் 1925 ஆம் ஆண்டுமுதல் இருந்தது. பணிப்பாளர் சபையின் தீர்மானமின்றி அறை திறக்கப்படாது. சேர்மானத்தை முழுமையாக அறிந்தோர் ஒரே சமயத்தில் இருவர்தாம் என்று கம்பனி கூறிற்று. 1977 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், பங்குகளில் பெரும்பகுதியை இந்தியருக்கு விடவேண்டும், சேர்மானமும் இந்தியாவில் இயங்கும் கம்பனியின் கைக்கு வரவேண்டும் என்று நெருக்கியபோது, கம்பனி அந்தப் பெரிய சந்தையையே விட்டு வெளியேறியது. அதன் இடத்தை நிரப்ப அரசாங்கம் 'டபிள் செவன்' என்னும் பானத்தை இறக்கியதை முதியோர் மறந்திரார். கம்பனி மீண்டும் அங்கே திரும்பியது 1993 ஆம் ஆண்டில்.

இந்திய அரசாங்கத்துக்குப் பணியாத கம்பனிக்குத் தன் சொந்த நாட்டிலேயே சோதனை வந்தது. பானத்தைப் போத்தலில் அடைத்து விற்கும் நிறுவனங்களுக்கும் கம்பனிக்கும் பாகின் விலை பற்றிப் பழைய ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 1982 ஆம் ஆண்டில் கம்பனி சீனியில்லாத டயற் கோக் பானத்தை வெளியிட்டது. அது பழைய ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட பாகுதானா, வேறொன்றா? வேறு என்றது கம்பனி. ஒன்றே என்றனர் போத்தல்காரர். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டவேண்டுமாயின் இரண்டின் சேர்மானமும் வேண்டும். டெலவெயர் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி மறி ஷ்வாட்ஸ் 1985 ஆம் ஆண்டில் இரு தரத்தாரின் நலத்தையும் சீர்தூக்கினார். உலகில் மிகக் கவனமாகக் காக்கப்படும் இரகசியங்களில் இது ஒன்று என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது தெரியாமல் வழக்காளிகள் தம் வழக்கை நிலைநாட்ட முடியாது. ஆகவே வழக்கை நடத்தும் சட்டத்தரணிகளுக்கும் சுதந்திரமான நிபுணர்களுக்கும் மட்டும், கடுமையான காப்புக் கட்டளையின் கீழ், சேர்மானத்தைக் கொடுக்கும்படி ஆணையிட்டார். போத்தல்காரர் தாமும் அதனைக் காணமுடியாது.

கம்பனி கொடுக்க மறுத்தது. நீதிமன்றத்தின் கட்டளையைக் காட்டிலும் இரும்பறையின் பூட்டிலேயே அதற்கு நம்பிக்கை அதிகம். நீதிபதி 1986 ஆம் ஆண்டில், வழக்கு முழுவதையும் கம்பனிக்கு எதிராகத் தீர்த்துவிடாமல், மறைத்த விடயத்தைச் சார்ந்த வாதங்களில் கம்பனிக்குப் பாதகமான முறையில் வழக்கை நடத்துவதென்ற அளவில் நிறுத்திக்கொண்டார். எந்தத் தண்டத்தையும் விலையாகக் கொடுத்து இரகசியத்தை வைத்துக்கொள்ளும் வசதி இத்தகைய பெருங்கம்பனிக்கு உண்டு. சிறு பட்டறைக்காரனுக்கு அந்த வசதி ஏது? 2011 ஆம் ஆண்டில் அச்சேர்மானம் வங்கியை விட்டுக் கம்பனியின் காட்சிச்சாலைக்கு மாற்றப்பட்டது. இரும்பறையின் கதவைப் பார்க்க இப்பொழுது கட்டணம் கொடுத்து மக்கள் செல்கின்றனர்.

காப்புக் கட்டளைகள் பெருகப் பெருக, அவற்றின் நிழலில் மறைபவை எல்லாம் வணிக இரகசியங்கள்தாமா என்னும் ஐயமும் பெருகிற்று. ஒரு பொருளால் தீங்கு விளைந்ததென்று தொடுத்த வழக்கிலே, அந்தத் தீங்கைக் காட்டும் பத்திரங்கள் காப்புக் கட்டளைக்குள் அடங்கிவிட்டால், அதே பொருளை நாளை வாங்குபவனுக்கு எச்சரிக்கை எங்கிருந்து வரும்? மொறிசனின் குளிகை எழுப்பாமல் விட்ட கேள்வி இது. புளொறிடா மாநிலம் 1990 ஆம் ஆண்டில், பொதுமக்களுக்கு அபாயமானவற்றை மறைக்கும் எந்த நீதிமன்றக் கட்டளையும் வழங்கலாகாது என்று சட்டமியற்றியது. ஐக்கிய அமெரிக்கா 2016 ஆம் ஆண்டில் வணிக இரகசியத்துக்கென நாடு முழுமைக்கும் ஒரு குடியியல் வழக்குரிமைச் சட்டத்தை ஆக்கியபோது, சட்டமீறலை அதிகாரிகளிடம் மந்தணமாக அறிவிக்கும் ஊழியருக்கு விலக்கும் அளித்தது. 1857 ஆம் ஆண்டு எழுதுவினைஞரின் குரல் அச்சட்டத்தில் கேட்கிறது.

1994 ஆம் ஆண்டில் மறாக்கெஷ் நகரில் கைச்சாத்திடப்பட்ட உலக வர்த்தக உடன்படிக்கைகளில் ஒன்று, வெளிப்படுத்தப்படாத தகவலைக் காப்பதை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது. தகவல் அத்துறையினர் பொதுவாக அறியாததாயிருத்தல் வேண்டும். மறைவாயிருப்பதனால் அதற்கு வணிகப் பெறுமதி இருத்தல் வேண்டும். உடையவன் அதனை மறைத்து வைக்கத் தக்க முயற்சி எடுத்திருத்தல் வேண்டும். இலங்கை இக்கடமையை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160 ஆம் பிரிவினால் நிறைவேற்றியது. நேர்மையற்ற போட்டி என்னும் தலைப்பின் கீழ் வெளிப்படுத்தப்படாத தகவலும் அங்கே இடம்பெறுகிறது. இந்நாட்டின் தேயிலைக் கலவைக்காரனும் சுதேச மருந்து செய்பவனும் பலகாரக் கடைக்காரனும் இன்று அந்தப் பிரிவை நாடலாம்.

அதே உலக உடன்படிக்கை, வழக்கு விசாரணையின்போது மந்தணத் தகவலைக் காக்க வழி இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது; ஒரு நாட்டின் அரசியலமைப்புக்கு அது முரணாகாத அளவில் என்று வரம்பும் கட்டுகிறது. 1978 ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு தன் 106 ஆம் உறுப்புரையில், நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெறவேண்டும், எவரும் தடையின்றி அங்கே சமுகமளிக்கலாம் என்று விதித்திருக்கிறது. ஆட்களை வெளியேற்ற நீதிபதிக்கு அதிகாரமுள்ள சந்தர்ப்பங்களையும் அதுவே எண்ணிச் சொல்கிறது. குடும்ப உறவுகள் பற்றிய வழக்கு, பாலியல் விடயம் பற்றிய வழக்கு, தேசிய பாதுகாப்பு அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு, மன்ற வளவின் ஒழுங்கும் பாதுகாப்பும் என்பனவே அவை. வணிக இரகசியம் அந்த நிரலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை.